பொது அறிக்கை

காற்று விட்டால் வாரம் இருமுறை படகு.
கேனட் கோவில் வீடுகள் முப்பத்தொன்று,
புகை எழுவது பத்தொன்பதில்.
சபைப் பதிவேட்டில் கடைசி ஞானஸ்நானம் எழுதிப்
பதினொரு வருடம். அடக்கங்களுக்கு
இரண்டாம் நோட்டு வாங்கியாயிற்று.

மீன் தடைக்குப் பிறகு ஆண்கள் ஒவ்வொருவராய்
ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணலுக்குப் போனார்கள்.
ரேண்டலும் போனான்.
முதலில் பதினாலு நாள் வேலை, ஏழு நாள் வீடு.
அப்புறம் கிறிஸ்துமஸுக்கு மட்டும்.
அப்புறம் ஞாயிறு மாலைத் தொலைபேசி.
“இன்றைக்கு எத்தனை பேர்?” என்பான்.
நான் இரண்டு கூட்டிச் சொல்வேன்.

அரசாங்கக் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது:
ஊரைக் காலிசெய்யச் சம்மதமா,
வீட்டுக்கு இவ்வளவு பணம்,
நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஆம் என்றால்.
முதல் வாக்கெடுப்பில் முப்பத்தைந்து. ஒன்று குறைவு.
ஐந்து ‘இல்லை’ யார் யாரென்று
ஊர் ஒரு கை விரல்களில் எண்ணிவிட்டது:
ஸ்ட்ரிக்லண்ட் சகோதரிகள் இருவர்,
கடைக்கார மெல்வின்,
மணியடிக்கும் எஸ்ரா டர்ன்ஃபோர்ட்,
போதகரம்மா.

இரண்டாம் முறை மார்ச்சில்.
பென்சிலை நூலில் கட்டியிருந்தார்கள்.
அன்று காலை குழாய் உறைந்து
தேநீருக்குப் பனி உருக்கியிருந்தேன்; அதனால் என்று
எனக்கே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.
நூல் குட்டை. குனிந்து போட்டேன் குறியை.
முப்பத்தாறு.

பணம் கேட்டவர்களே கூடத்தில் அழுதார்கள்.
ஆம் போட்டவர்களுக்கும்
ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.
எஸ்ராவின் மகளுக்குக் கடன் இருந்தது,
ஆகவே எஸ்ரா.
மெல்வின் புகையிலைக் கணக்கை மூடினான்.
சகோதரிகள் இருவரும் பாதையின்
எதிர்ப்பக்கமாக நடந்தார்கள், இருந்ததே ஒரு பாதை.
அவர் மறுத்து ஒரு சொல் பேசவில்லை.
ஞாயிறு மணியை மட்டும்
வழக்கத்தைவிட நாலைந்து கூடுதலாக அடித்தார்.

நான் பீடத்தில் நின்று யாத்திராகமம் வாசித்தேன்.
“எங்களோடு நின்றீர்கள் அம்மா” என்று
வாசலில் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.
கையை இழுத்துக்கொள்ளவில்லை நான்.

ஜூனில்தான் அவர் கொட்டகைக்குப் போக முடிந்தது.
காட் மீன் தலைகளைப் பிளந்துகொண்டிருந்தார்.
“எஸ்ரா, அது நான்.”
கத்தி நிற்கவில்லை.
“தெரியும்.”
நாக்கை மட்டும் தனியே எடுத்து வாளியில் போட்டார்.
“கல்லறையெல்லாம் விட்டுட்டுப் போறோம்.
ஜெபிக்க ஒரு ஒழுங்கான ஆள் இருக்குன்னு
நினைக்கிறாங்க. நினைச்சுட்டுப் போகட்டும்.”
இன்னொரு தலை.
“மகளுக்கும் அது நான்தான்னு இருக்கட்டும்.
நன்றின்னு எழுதியிருக்கா, ஏழு வருஷத்துல முதல் கடிதம்.”
ஒரு பை நிறைய நாக்கு தந்தனுப்பினார்.
அடுப்படியில் நின்றபடியே வறுத்துத் தின்றேன்.

செப்டம்பர், கடைசி ஆராதனை.
ஞானஸ்நானத் தொட்டி முந்தின படகில் போய்விட்டது.
ஆர்கன் படகு வாசலில் நுழையாததால்
இங்கேயே இருக்கும், எலிகளுக்கு.
பெஞ்சுகளின் முதுகில் வாங்கினவர் பெயர், ஒட்டுத்தாளில்.
அந்த வாரம் மின்சாரம் நிறுத்துவார்கள்.

பாவ அறிக்கை. நான் ஒரு சொல், சபை ஒரு சொல்,
இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.
‘பிதாவே, நாங்கள்’ என்று தொடங்க வேண்டும்.
‘நான்’ என்று வந்தது.
வேண்டுமென்றா, நழுவியதா,
இன்றுவரை தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
பிறகு மெல்வின், இருமிக்கொண்டு: நான்.
மூத்த ஸ்ட்ரிக்லண்ட்: நான்.
இளையவள், அக்காவைப் பார்க்காமல்: நான்.
பின்வரிசைகளில் தாறுமாறாக,
நான், நான்,
யாரோ இரண்டு தரம்.

மணிக்கயிற்றின் அடியில் எஸ்ரா மட்டும்
கண்ணாடியை மூக்கில் இறக்கி,
புத்தகத்தில் அச்சிட்டிருந்தபடியே,
உரக்க:
நாங்கள்.