வாளியில் ஒன்று

கால்க் பேயிலிருந்து படகெடுத்து இரண்டு மணி நேரம்.
முப்பத்தெட்டு மீட்டர், அடியில் சேறு,
குளிர் பதினொரு டிகிரி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.
ஏழாவது தூண்டிலில் ஒரு காபல்ஜோ.
செதில் இருக்கிறது, துடுப்பு இருக்கிறது,
தூக்கினால் எடையில்லை.
ஆளில்லாத சட்டை.
ஃபையரூஸ் வாய்க்குள்ளேயே எதையோ திட்டுகிறான்.
அதன் செவுள் வழியே
நீ எட்டிப் பார்க்கிறாய்.

பார்க்கிறாய் என்பது தவறு.
தோலுக்கடியில் வெளுத்த இரண்டு புள்ளி,
அவ்வளவுதான் உன் கண்.

சளிப்பாம்பு என்கிறான் அவன், ஆப்பிரிக்கான்ஸில்.
என் தமிழில் உனக்குப் பேரே இல்லை.
விலாங்கு என்றால் விலாங்கு கோபித்துக்கொள்ளும்.
அதற்குத் தாடையுண்டு, முதுகெலும்புண்டு,
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டத் தெரியும்.
உனக்கு எது தலை என்பதே
மீசையை வைத்துத்தான் தெரிகிறது.

வாளியில் விட்டு ஒரு விரலால் தொட்டேன்.
தண்ணீர் எழுந்து நின்றது.
கையை எடுத்தால் வாளியும் கூட வருகிறது,
சவ்வரிசிக் கஞ்சிக்குள்
யாரோ பட்டுநூல் ஓட்டியதுபோல்.
பிறகு நீ வாலில் ஒரு முடிச்சுப் போட்டு
அதைத் தலைவரை உருட்டி
உன் சளியை நீயே வழித்தெறிந்தாய்.
எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவரைக்கூட
நான் பார்த்ததில்லை.

செத்ததற்குள் புகுந்தபின்
வாயால் மட்டுமல்ல, தோலாலும் உண்கிறாய்.
கொக்கி வைத்த முட்டைகள் இடுகிறாய்,
ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்படி.
எங்கே என்பதை மட்டும்
யாரிடமும் சொல்லவில்லை.

நாலு இதயம் உனக்கு.
செவுளுக்கு ஒன்று, ஈரலுக்கு ஒன்று,
தலைக்கும் வாலுக்கும் தனித்தனி.
மூச்சுக்காற்றே இல்லாமல் மணிக்கணக்காய்த் துடிக்குமாம்.
போன மார்ச்சில், க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில்,
எனக்கிருக்கும் ஒன்றுக்குள் கம்பிச்சுருள் வைத்தார்கள்.
தொடையில் நுழைந்தார்கள், உள்ளேயே ஊர்ந்து போனார்கள்.
வெளியே ஒரு பொட்டு ரத்தம்.
அன்றைக்கு உன்னைத்தான் நினைத்தேன்,
நான் காபல்ஜோவாக.

பக்கத்துக்கு ஆறு துளை இருக்க வேண்டும்.
இடப்பக்கம் எண்ணிவிட்டேன், ஆறு.
வலப்பக்கம் ஐந்து எண்ணும்போது வழுக்கினாய்,
பலகை, விளிம்பு,
தண்ணீர்.

'மாதிரி ஒன்பது: தப்பியது.'
பேனா ஒட்டிக்கொண்டு
எழுத்து அடுத்த வரிக்கும் இழுபட்டது.
ஃபையரூஸ் அந்தத் தோலைத் தூக்கிப் பிடித்தபடி,
"மிஸ் படியாச்சி,
இந்த மீனுக்கு யார் காசு தருவது?" என்கிறான்.