இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

நீடாமங்கலம் கேட்டைச் சாத்தி முக்கால் மணி நேரம்.
அணைத்தால் செல்ஃப் எடுக்காது, தள்ள ஆள் வேண்டும் என்று
ஓடவிட்டே உட்கார்ந்திருந்திருக்கிறார் அஜ்மல் ராவுத்தர்.
நெல் ஏற்றிய கூட்ஸ்.
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணிவிட்டுத் திரும்பினால்
முள் சிவப்புக்கும் அப்பால் கிடந்தது.

டிராக்டரில் கயிறு கட்டி
மன்னார்குடிக்கு, என் பட்டறைக்கு வந்தது வண்டி.
பிரீமியர் பத்மினி. வெண்ணெய் நிறம், புதுப் பெயின்ட்.
ஆயில் குச்சியை உருவினேன்:
பால் தூக்கலாகப் போட்ட டீ.

"ஹெட் கேஸ்கட்."
"ஒரு தடவை மாத்தியாச்சுன்னாரே, வித்தவரு. வலங்கைமான் வாத்தியார்."
"மாத்தியிருப்பான், எவனோ."

நாளை மறுநாள் முத்துப்பேட்டையில் அவருக்கு ஒரு கல்யாணம்.
ரேடியேட்டரில் கொட்டினால் அடைத்துக்கொள்கிற பொடி ஒன்று இருக்கிறதாம்,
இரண்டு கல்யாணம் தாங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
"பஸ்ஸில் போங்க" என்றேன்.

ராத்திரி முழுக்க ஆறவிட்டேன்.
சூட்டோடு கழற்றினால் அலுமினியம் முகம் கோணும்.
காலையில் தண்ணீர் இறக்கினேன், செங்கல் நிறம்.
போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளே,
குறுக்கே குறுக்கே, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி
ஹெட்டைத் தூக்கினேன்.

இரண்டாம் சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
விரலகலம் இல்லாத ஒரு வரப்பு.
கேஸ்கட் அங்கே கருகி அறுந்திருந்தது.
ஆள் உயரத்துக்குக் கரை உடைய
ஒரு நண்டு வளை போதும்.

சுற்றிலும் காய்ந்த சிவப்புப் பசை.
கேஸ்கட்டுக்குப் பசை தடவுகிறவனை
வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சுரண்டினேன்.
பிளாக்கின் மூலையில் ஒரு சென்டர் பஞ்ச் குத்து.
பக்கத்தில் இன்னொன்று. கீழே ஒன்று.
முக்கோணம்.

நான் திறந்த இன்ஜினில்
நான் வைக்கிற குறி.

பச்சைப் பத்மினி. ஆமாம்.
விடைத்தாள் திருத்தப் போகணும்,
சாயங்காலமே வேண்டும் என்றார் வாத்தியார்.
தளம் பார்க்கவில்லை அன்றைக்கு.
பசையைக் கூட்டிப் போட்டு, கைக்கணக்கில் முறுக்கி
ஆறு மணிக்குச் சாவி கொடுத்தேன்.
கைக்கணக்கில் எனக்குப் பெருமை வேறு.

இப்போது நேர்ச்சட்டத்தைக் குறுக்கே வைத்தேன்.
அடியில் வெளிச்சம் தெரிந்தது.
பீலர் கேஜின் பதினைந்து பாயிண்ட் இதழ்
கேட்காமல் உள்ளே போனது.
ஹெட்டைச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு
கும்பகோணம் பஸ் ஏறினேன்.
முதலில் அழுத்தம் கொடுத்து விரிசல் பார்,
அப்புறம் தளம் எடு,
தேவைக்கு மேல் ஒரு சீவல் வேண்டாம் என்றேன் பெஞ்சமினிடம்.
வரிசையில் நாலு ஹெட். நாளைக்கு வா என்றான்.
காத்திருந்தேன்.

போல்ட் துளை ஒவ்வொன்றிலும் டேப் விட்டுக் காற்றடித்தேன்.
அடியில் ஒரு சொட்டு ஆயில் கிடந்தாலும்
இறுகிவிட்டதாகப் போல்ட் பொய் சொல்லும்.
தெர்மோஸ்டாட்டை யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள்.
யாரோ இல்லை.

புதுக் கேஸ்கட், உலர்ந்த தளம், எழுத்து மேலே.
நடுவில் தொடங்கிச் சுழித்துச் சுழித்து வெளியே,
மூன்று சுற்று.
ரெஞ்ச் டக் என்றால் நிறுத்த வேண்டும்.
இன்னும் கொஞ்சம் என்கிறது கை.
நிறுத்தினேன்.

பில்லில் லேத், கேஸ்கட், போல்ட், தெர்மோஸ்டாட்,
ஆயில் இரண்டு தடவை.
ராவுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.
"கூலி விட்டுப்போச்சே?"
"போன தடவையே வாங்கிட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. அல்லது
வாத்தியார் பட்டறைப் பேரை முன்பே சொல்லியிருந்தார்.
பையனுக்கு என்று நூறு ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.
என் பட்டறையில் பையன் கிடையாது.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தேன்.
வந்தார். கேட்டில் அணைத்துவிட்டு நின்றாராம், புது பேட்டரி.
ராத்திரி ஆறட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்.
விடிந்ததும் ரெஞ்சைப் போட்டேன்.
ஒன்பது போல்ட் அசையவில்லை.
பத்தாவது
நகக்கண் அளவு நகர்ந்து
டக் என்றது.