ஜெனரேட்டரைப் போடச் சொல்லு

புதுவயலில் பத்தரை மணிக்கு
ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது.
எல்லா மில்லும் ஒரே நேரத்தில் அரைக்கும்.
மூட்டைக் கணக்கைக்கூட விரல்களால்தான் சொல்வோம்.

போன் என்னுடையது. இருமல் சேவுகனுடையது.
பாய்லருக்கு உமி தள்ளுகிறவர்.
காரைக்குடி போனால் ஒருநாள் கூலி,
பஸ், டோக்கன், வராந்தா.
இதில் முந்நூறு ரூபாய், இருந்த இடத்தில்.
பிறந்த தேதி கேட்டது. அவர் புகைபோக்கியைப் பார்த்தார்.
ஜனவரி ஒன்று என்று நானே போட்டுவிட்டேன்.
உங்களுக்கு முன் நான்கு பேர் என்றது.
பிறகு மூன்று.
பிறகு மறுபடி நான்கு.

டாக்டர் கோயம்புத்தூரில் இருந்தார்.
அவர் பின்னால் ஜன்னல், ஜன்னலில் மழை.
இங்கே அவித்த நெல் வெயிலில் கிடந்தது.
'ரொம்ப இரையுதே, நெஞ்சா?'
'நெஞ்சில்லம்மா, மில்லு!' என்று கத்தினார் சேவுகன்.

சளி என்ன நிறம்?
அவர் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.
பீடி உண்டா?
இல்லை என்றார்.
பெட்டிக்கடைப் பாக்கியை
சனிக்கிழமை தோறும் அவர் கூலியில் கழிப்பவள் நான்.

அப்போதுதான் உறைத்தது.
மூட்டை அடுக்கில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு
களத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றேன்.
அங்கிருந்து பார்த்தால்
ஒரு மனிதர் நெல்மூட்டைக்கு
சட்டையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.
ஏதோ சொன்னார். நிறையச் சொன்னார்.
ஆறு வருஷத்தில் அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

கரண்ட் போனது.

பெல்ட் இன்னும் நாலு சுற்று சுற்றி ஓய்ந்தது.
காக்கை நெல் கொத்துவதுகூடக் கேட்டது.
களம் முழுக்க டாக்டரின் குரல்:
'ஆங், இப்பத்தான் தெளிவாக் கேக்குது. சொல்லுங்க,
அந்த ரத்தம் எத்தனை நாளா?'

நெல் கிளறிய கால்கள் நின்றன.
தவமணி வாய்வரை கொண்டுபோன சொம்பை
அப்படியே பிடித்திருந்தாள்.
'ஹலோ, லைன்ல இருக்கீங்களா?'
மூச்சு மட்டும் இருந்தது லைனில்.
பிறகு சேவுகன் என் பக்கம் திரும்பி
கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினார்.
ஜெனரேட்டரைப் போடச் சொல்லு.

டீசல் கணக்குக்கு முதலாளி என்னைத்தான் கேட்பார்.
போடச் சொன்னேன்.
உதடுகள் மறுபடி அசைந்தன.

பதினோரு மணிக்குச் சீட்டு வந்தது,
என் போனுக்கு, இங்கிலீஷில்.
மூட்டையிடம் சொன்னதெல்லாம் மேல்பாதியில்,
எத்தனை நாள், எத்தனை தடவை என்று.
கீழே இரண்டு மாத்திரை, சளி டெஸ்ட், ஒரு எக்ஸ்ரே,
காரைக்குடி பெரியாஸ்பத்திரி, நாளைக்கே.
ஆக, அந்தப் பஸ்ஸும் அந்த வராந்தாவும்
தப்பவில்லை.

'என்ன போட்டிருக்கு?' என்றார்.
கீழ்ப்பாதியை மட்டும் வாசித்தேன்,
காதோடு, கத்தி.

வராத நாளுக்கு ஆஜர் போட
எனக்கு அதிகாரமில்லை.
பென்சிலால் போட்டிருக்கிறேன்.