இரண்டிலிருந்து எட்டு பாகை

மஸ்கெலியாவில் பிரிட்ஜ் செத்துப்போன இரவு
டிக்கோயாவிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது.
சுனிமல் அதை முன்சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் மாட்டிக் கொண்டுவந்திருந்தான்,
நோர்வூட் வளைவுகளில் அதற்குத் தலைசுற்றும் என்பதுபோல.
"மெதுவாத்தான் வந்தது மிஸ்ஸி,
பனிக்கி ரோட்டு தெரியல்ல."

உள்ளே கண்ணாடிக் குப்பிகள், சுண்டுவிரல் நீளம்.
இரண்டிலிருந்து எட்டு பாகைக்குள் வைத்தால்தான் வேலை செய்யும்.
ஒக்சிடோசின்.
பயிற்சிக் காலத்தில் இதற்கு வேறொரு பேர் வைத்திருந்தோம்,
பரீட்சையில் எழுத முடியாத பேர்.
பால் சுரந்தாலும் இதுதானாம்,
ஒருத்தன்மேல் மனசு போனாலும் இதுதானாம்.
ஒன்பது மணி கோத்த சின்னச் சங்கிலி;
ஆறு வளைந்து வளையமாகும்
மூன்று வாலாய்த் தொங்கும்.
கொப்பியில் வரைந்தால்
அவிழ்ந்து கிடக்கிற அரைஞாண்.

மூன்றாம் கட்டிலில் தவக்கொடி.
ஏழாம் மாசத்தில் அவன் கொழும்புக்குப் போனான்.
நம்பர் மட்டும் இன்னும் இருக்கிறது;
அடிக்கும், யாரும் எடுப்பதில்லை.
வந்த வலியும் பாதியில் நின்றுவிட்டது அவளுக்கு.
ஐந்து யூனிட், அரை லீற்றர் சேலைன்.
கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணினேன்,
கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையைவிடக் கறாராக.

கருப்பை சொன்னது கேட்டது.
இறுகி, விட்டு, இறுகி,
மூன்று பத்துக்குப் பெண்பிள்ளை.
இரண்டு கிலோ நானூறு.
தவக்கொடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது
பாடத்தில் நான் தாண்டிப்போன ஒரு வரி:
கையில் ஏற்றுவது தலைக்குள் போவதில்லை.
மூளைக்கு ஒரு வேலி உண்டு.
இரத்தத்தில் வருகிறவர்களை நிறுத்தி
பெரட்டுக்களத்துக் கங்காணி மாதிரி
பேர் கேட்கும்.
ஒரு உடம்பையே உலுக்கின மருந்து
அந்த கேற்றடியில் காத்து நின்று
சில நிமிடத்தில் பாதியாகி
அதிலும் பாதியாகி
இல்லாமல் போகும்.
உள்ளுக்கு வேண்டியதை உள்ளேயேதான் காய்ச்சவேண்டும்,
மூளையின் அடிவாரத்தில்
பிரிட்ஜ் இல்லாத இடத்தில்
முப்பத்தேழு பாகைச் சூட்டில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிள்ளையைத் துடைத்து
அவள் நெஞ்சில் கவிழ்த்து
கம்பளியை மேலே இழுத்துவிட்டேன்.
பிள்ளை முகர்ந்தது. தலையால் இடித்தது.
நழுவியது.
மறுபடி இடித்தது.
தவக்கொடி சுவரைப் பார்த்தாள்.
சுவரில் டெங்கு போஸ்டர்.
நாலரைக்கு ஒரு கை மட்டும் வந்தது,
விழாமல் பிடிக்கிற கை, அவ்வளவுதான்.
அன்பா, பயமா, வெறும் பழக்கமா
நான் கேட்கவில்லை.

வெளியே சுனிமல் போகாமலிருந்தான்.
பனி விலகட்டும் என்றான்.
எனக்கு இரவு முறை வருகிற நாட்களில்
அவனுக்குப் பனி விலகுவதேயில்லை.
பிளாஸ்க் மூடியில் இஞ்சி போட்ட பிளேன்டீ.
வாங்கும்போது விரலில் விரல் பட்டது,
ஒரு சொட்டு விழுகிற நேரம்.

எனக்கு நாற்பத்தொரு வயது.
எங்கே சுரக்கிறது, எதில் போய் ஒட்டுகிறது,
எவ்வளவு நேரம் தாங்கும், எல்லாம் தெரியும்.
தெரிந்தும்
காதுமடல் சுட்டது.

பதிவேட்டில் எழுதினேன்:
சேலைனில் ஐந்து, பிறகு தொடையில் பத்து.
மிச்சம் பதினான்கு குப்பி, ஐஸ் பெட்டி, ஆறு பாகை.
பிள்ளை அழுத நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது.
பால் குடித்ததற்கும் இருக்கிறது.
தாய் பார்த்தாள் என்று எழுத இடமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு
உண்மையா என்று பார்க்கத்
திரும்பிப் போனேன்.

வேன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.
தவக்கொடி ஒரு விரலால்
பிள்ளையின் காதை மடித்தும் விரித்தும்
பார்த்துக்கொண்டிருந்தாள்,
யாருடைய காது இது என்று.