ஃப்ளாஷை அணைத்த பிறகு

ஆலையின் கேமரா இது. என்னுடையதல்ல.
பேட்டரி மூடி நிற்காது, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன்.
பட்டை அறுந்துபோய்
வேலையை விட்டுப்போன யாரோ ஒருவரின்
அடையாள அட்டைக் கயிற்றில் தொங்குகிறது.

ஜூன் மாதம். காவேரிப்பட்டினம் சாலையில்
விடியுமுன்னே வரிசை கட்டும் டிராக்டர்கள்.
எல்லாம் பெங்களூரா, மூக்கு நீண்ட காய்கள்.
லோடுக்குப் பத்துக் காய் பொறுக்கி
இனிப்பு அளந்து, வெட்டிப் பார்த்து,
கெட்டதைப் படமெடுத்து உள்ளே அனுப்புவேன்.
படத்தைப் பார்த்துத்தான் டன்னுக்கு எவ்வளவு கழிப்பதென்று
குளிர்சாதன அறையில் முடிவாகும்.

முதல் வாரம் நான் எடுத்த படங்களில்
எல்லா மாங்காயும் குற்றவாளி.
ஃப்ளாஷ் நெற்றியில் வெள்ளையடித்துக்
காம்போரம் கரி பூசியது.
பால் வடிந்த கறைகூட அழுகலாகத் தெரிந்தது.
"பளிச்சுன்னு இருக்கும்மா" என்றார் பாலகுருநாதன் சார்.
பளிச்சென்றுதான் இருந்தது.

வேப்பனப்பள்ளி திம்மராயன்
திரையை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தார்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"காய் என்னுதுதான்.
மூஞ்சி என்னுது இல்ல."

ஓசூரில் தம்பியிடம் ஒரு கேமரா உண்டு.
கழற்ற முடியாத நீள மூக்கு அதற்கு.
அணையின் எதிர்க்கரையில் உட்கார்ந்த மீன்கொத்தியை
மடியில் கொண்டுவந்து போடும்.
இரவல் கேட்டேன்.
"கையெட்டும் மாங்காய்க்கு எதுக்குக்கா தொலைநோக்கி?"
என்று சிரித்துவிட்டு, பிறகு
அவன் சொன்னதும் நானே கெடுத்துக் கற்றதும்
இப்போது கலந்துவிட்டன:

இதன் கண் ஒரு பாசிப்பயறு அளவுதான்.
இருட்டில் விட்டால் படம் முழுக்க மணல் கொட்டும்.
ஆகவே வெளிச்சத்துக்குப் போ.
நேர் வெயிலுக்கு அல்ல,
எடைமேடைக் கூரை நிழல் முடிகிற விளிம்புக்கு.
ஜூமை இழுக்காதே, காலால் கிட்டே போ.
பூப்படம் போட்ட பொத்தானை அழுத்தினால்
நான்கு விரல் தூரத்திலும் அதற்குக் கண் தெரியும்.
பாதி அழுத்து. பச்சைக் கட்டம் வரட்டும்.
அவசரப்பட்டால் பின்னாலிருக்கும் சாக்கின் நூல்தான்
துல்லியமாக விழும்.
முழங்கை இரண்டும் கிரேடின் மேல்.
இரண்டு நொடி டைமர் வை,
விரலின் நடுக்கம் படத்துக்குள் வராமலிருக்க.

அடுத்த முறை திம்மராயன் லோடு வந்தபோது
நிழலில் வைத்தேன் காயை.
ஒரு பக்கம் இருண்டது.
கையில் கிடைத்தது என் விடுப்புக் கடிதம்,
அதன் எழுதாத பக்கத்தை அவரிடம் கொடுத்து
"இப்படிச் சாய்ச்சுப் பிடிங்க" என்றேன்.
தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி
மெல்ல ஏறியது காயின் இருண்ட கன்னத்தில்.

பால்கறை பால்கறையாக வந்தது.
வெயில் தழும்பு தழும்பாக.
ஏழாவது காயில் காம்படி அழுகல்,
சுண்டுவிரல் நகமளவு,
அதுவும் அப்படியே வந்தது.
அவர் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்.
"ஆமா," என்றார். "இது என்னுது."

"என்னம்மா, மங்கலா இருக்கு?" என்றார் சார்.
கேமரா பழசு சார் என்றேன்.
பொய்யில்லை.
அன்று எவ்வளவு கழித்தார்கள் என்று தெரியாது.
அந்தக் கணக்கு என் மேசைக்கு வராது.

பத்துப் படத்தில் நான்காவதில் மட்டும்
தாளைப் பிடித்த அவர் கட்டைவிரல்
ஓரத்தில் நுழைந்திருந்தது.
நகத்தடியில் மாம்பால் கறுத்து,
பின்னால் கொஞ்சம் தெரிகிறது என் கையெழுத்து,
தலைகீழாக:
'தாங்கள் கருணை கூர்ந்து'.
வெட்டிவிட்டு அனுப்ப வேண்டும், விதி அது.
வெட்டாமல் அனுப்பினேன்.
யாரும் கேட்கவில்லை.