ஆட்டக்காரி காயும் தளம்

முதலில் கூட்டவேண்டும்.
இரண்டு தரம், பிறகு குனிந்து பார்த்து மூன்றாம் தரம்.
சில்லுக்கடியில் ஒரு நெல் போதும்
ஆளைத் தூக்கி எறிய.
போன செவ்வாய் என்னை விழுத்தியது ஆட்டக்காரி.
“பேருக்கேற்ற நெல்” என்றாள் நிறைமதி.
கை தரவில்லை, சிரித்து முடியவில்லை அவளுக்கு.

முரசுமோட்டை ஆலைத் தளம்
மாசி பங்குனியில் எங்களுக்கு இல்லை.
வைகாசி பிறந்து, லொறிகள் ஓய்ந்து,
நாலரைக்குச் சீமெந்து கொஞ்சம் ஆறினால்
ஆறேகால் வரைக்கும் எங்களுடையது.
பகலில் நான் இங்கே கணக்கெழுதுகிறேன்.
திறப்பு என்னிடம்.

சில்லுச் சப்பாத்து இரண்டு சோடி,
ஸ்காபரோவிலிருந்து அவளது மச்சாள் அனுப்பிய பெட்டியில்
போர்வைக்கும் பால்மாவுக்கும் நடுவில் வந்தது.
முப்பத்தெட்டு அவளுக்கு.
நாற்பத்தொன்று எனக்கு, இரண்டு மேசு போட்டு.
ஐஸ்கட்டியை நாங்கள் மீன்பெட்டியில்தான் கண்டிருக்கிறோம்.
கைபேசியில் ஐஸ்மேல் ஓடிவரும் பெண்
பாதிக் குதிப்பில் உறைந்துபோவாள்.
சிக்னல் வந்தால்தான் இறங்குவாள்.

தவிடு நிறைமதியின் யோசனை.
கோலமாவு போல மெல்லத் தூவிவிட்டால்
சில்லுப் போன வழி தெரியும்.
வழுக்கும்தான். வழுக்கத்தானே வந்தோம்.

தளத்தின் நடுவில் வேறு நிறச் சாந்து பூசிய
வட்டம் ஒன்று இருக்கிறது.
ஏன் பூசினார்கள் என்று இங்கே யாரும் கேட்பதில்லை.
அதைச் சுற்றித்தான் விளிம்பு பழகினோம்.
உள்விளிம்பு இலகு,
பெருவிரல் பக்கம் உடம்பு தானாகச் சாயும்.
வெளிவிளிம்பு சின்னவிரல் பக்கம்.
அங்கே சாய
உடம்புக்குப் பொய் சொல்லவேண்டும்.

மூன்று என்பது ஒற்றைக்காலில் திரும்புவது.
முன்னே போய், நடுவில் ஒரு கூர்,
பிறகு பின்பக்கமாக.
தவிட்டில் பார்த்தால் இலக்கம் மூன்றேதான்.
என்னுடையது ஆறு மாதம்
கோழி கிளறிய இடம்போல இருந்தது.
திரும்புவது பெரிய காரியமில்லை.
திரும்பினபின் திரும்பாமல் நிற்பதுதான்.
இன்னும் சுழலத் துடிக்கிற உடம்பைக்
கைகள் கதவுநிலைபோல விறைத்து மறிக்கவேண்டும்.

பின்பக்கமாகப் போகும்போது
விட்டுவந்த இடம்தான் கண்ணில் இருக்கும்.
இதை வேறெதற்கோ சொன்னதாக எடுக்கவேண்டாம்.
நான் கணுக்காலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

வோல்ற்ஸ் குதிப்பு இருவருக்கும் வந்துவிட்டது:
வாய்க்கால் தாண்டுகிற குதிப்புத்தான்,
நடுவானில் மனதை மாற்றி முதுகுப்பக்கமாய் இறங்கினால் சரி.
கால் மாற்றித் திரும்பும் மொகாக் எனக்கு மட்டும் வரும்.
அதனால் அதைப் பற்றி அவள் பேசுவதில்லை.

சல்கோவுக்கு மூன்று வேண்டும்.
மூன்றைப் போட்டு, பொறுத்து,
இடது உள்விளிம்பு வளையும்வரை வளையவிட்டு,
வலக்காலை வாளித் தண்ணீர் விசிறுவதுபோல் சுற்றி எறிந்து
ஏறவேண்டும்.
நான் பொறுப்பதில்லை.
என் முழங்கைகளைக் கேளுங்கள்.

நேற்று நிறைமதி பொறுத்தாள்.
சில்லுச் சத்தம் நின்றது.
நின்ற அந்தக் கொஞ்சத்துக்குள்
பரந்தன் பஸ் கியர் மாற்றுவது கேட்டது.
பிறகு ஒற்றைக்கால், வலது, பின்பக்கமாய்,
கூரைநிழல் வரைக்கும் வளைந்து போனாள்.
“கண்டனியே?”
காணவில்லை. லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.
கண்டது என்றேன்.

பிறகு தவிட்டைப் போய்ப் பார்த்தேன்.
வளைந்து வந்து முடிந்த கோடு.
யாரும் தொடாத தவிடு.
அதன்பின் இன்னொரு கோடு, தொடக்கத்தில் கொஞ்சம் ஆழமாய்.
இடையைத் தும்புத்தடியால் அளந்தேன்,
பாதித் தடிக்குக் கொஞ்சம் கூட.
கணக்குப்புத்தகத்தில்
எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாமல்
இதர என்று போட்டேன்.

கூட்டுகிற முறை என்னுடையது.
அந்தத் துண்டை மட்டும் விட்டுக் கூட்டினேன்.
இன்று காலை திறந்தால்
காகம் நடந்திருக்கிறது அதற்குள்,
நேராக,
ஒரு திருப்பமும் இல்லாமல்.