இஞ்சினை அணைக்காதவர்கள்

ஔலு நகரில் அதிகாலை மூன்று இருபது.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஆய்வகத்தில் மட்டும் கத்திரி வெயில்:
நாற்பத்தெட்டு கோர்களும் நூறு சதவீதம்,
விசிறிகள் அலறுகின்றன,
வேலை என்று பார்த்தால்
ஒரு பாக்கெட்கூட நகரவில்லை.

நாற்பத்தேழு பேர் ஒரே கதவில் நின்று
ஒரே சொல்லைக் கேட்கிறார்கள்.
ஆச்சா. ஆச்சா. ஆச்சா.
நொடிக்குச் சில கோடி ஆச்சா.
இந்த நெரிசலில்
உள்ளே இருப்பவன் எப்படி வெளியே வருவான்
என்று நினைத்தேன்.
தவறாக நினைத்தேன்.

சுழல் பூட்டு. எழுதியவன் உர்ப்போ கங்காஸ்னியெமி.
மேலே குறிப்பும் அவனுடையதே:
‘உள்ளே இருநூறு நானோநொடிதான் வேலை.
அதற்குப் போய் எவனாவது தூங்கப் போவானா?’
நியாயம்தான்.
போர்வையை விரித்து மடிப்பதற்குள்
பத்துப் பேர் போய் வந்துவிடலாம்.

போனை எடுக்கவில்லை உர்ப்போ.
வீடு ஹைலுவோட்டோ தீவில்.
முதல் படகு ஆறரைக்கு.

கரையில் எனக்கு முன்னால் ஒன்பது வண்டிகள்.
இந்தக் குளிரில் யாரும் இஞ்சினை அணைப்பதில்லை.
அணைத்தால் டீசல் மிச்சம்; ஆனால்
திரும்ப உயிர்பிடிக்க அது கேட்கும் விலை
பேட்டரிக்குத் தெரியும்.
சின்னக் காத்திருப்பென்றால் உறுமிக்கொண்டே நில்,
பெரிதென்றால் அணைத்துவிட்டுக் கண்ணை மூடு.
எது சின்னது எது பெரிது என்று
வரிசையில் நிற்பவளிடம்
யார் வந்து சொல்கிறார்கள்?

பின்னால் பால் டேங்கர்.
ஓட்டுகிறவள் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.
மார்யுக்கா என்று மேல்சட்டையில் தைத்திருந்தது.
‘பிரேக் விளக்கை மிதித்து மிதித்து விடாதே.
நான் படகைப் பார்ப்பதே இல்லை,
உன் பின்விளக்கைத்தான்.
நீ நகர்ந்தால் நான் நகர்வேன்.’
எல்லாரும் படகையே வெறித்தால்
கண்தான் வலிக்கும் என்றாள்.

மடிக்கணினியைத் திறந்தேன்.
நாற்பத்தேழு பேரை விட்டேன்.
நாற்பத்தெட்டாவது ஆளைப் பார்த்தேன்,
பூட்டைக் கையில் வைத்திருப்பவனை.

வேலையில் பாதியில் இருந்தான்.
டைமர் வந்து தோளைத் தட்டியது.
கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு
அது சொன்ன வேலைக்குப் போனான்.
அந்த வேலைக்கும்
அதே பூட்டு வேண்டியிருந்தது.

இடுப்பில் சாவி தொங்க
தன் வீட்டுக் கதவைத்
தானே தட்டிக்கொண்டு நிற்கிறான்,
ஆச்சா, ஆச்சா என்று,
மூன்று மணி நேரமாக.
மற்றவர்கள் அவனுக்காக.
அவன் அவனுக்காக.

திருத்தம் ஒரே வரி:
உள்ளே போகும் முன் காதை அடைத்துக்கொள்.
வெளியே வந்தபின் திற.
விரல் விறைத்து நான்கு எழுத்துப் பிழை.
அனுப்பியபோது ஆறு இருபத்தைந்து.

இனி தீவில் எனக்கு வேலையில்லை.
வண்டியைத் திருப்பலாம் என்று
ஸ்டியரிங்கைத் தொட்டேன்.
கண்ணாடியில் டேங்கரின் முகவிளக்குகள்.
நான் எங்கே திரும்பினாலும்
என் சிவப்பைத் தொடர்ந்து
பதினைந்து டன் வெற்றுத் தொட்டி திரும்பும்,
அதன் பின்னால் ஒரு வேன்,
அதன் பின்னால் யார் யாரோ.
வரிசையில் சேரத்தான் தெரிகிறது நமக்கு.

பனிக்கட்டி நொறுங்க வந்து நின்றது படகு.
ஒவ்வொன்றாக ஏறினோம்.
உள்ளே பலகை: இஞ்சினை அணைக்கவும்.
அணைத்தேன்.
காதுக்குள் விசிறி மட்டும் இன்னும் கொஞ்ச நேரம்
சுற்றிக்கொண்டிருந்தது.